சீ.ஆர். அக்காவின் வாசலில் தொங்கிய வெள்ளைக்கொடிகள்

காங்கேசன்துறையில் தொடங்கிக் குடாநாடு முடிகிற இடம்வரைக்கும் வீடுவீடாக ஏறி இறங்கினாலும், சீ.ஆர். அக்காவைப்போலக் கேள்வி கேட்கிற ஒரு மனிசியை நீங்கள் சந்திக்கமாட்டீர்கள். அவ பொலிசில் சேர்ந்திருந்தால் கள்ளர் எல்லாரும் பதில் சொல்லிக் களைத்தே திருந்தியிருப்பார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கக்கத்தில் எந்நேரமும் மட்டை தடித்த ஒரு சீ.ஆர். கொப்பி. யார் எதைச் சொன்னாலும் அதிலே எழுதுவா. ஆகவே சீ.ஆர். அக்கா. திருநெல்வேலியில் பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒழுங்கையில் அவவின் வீடு. ஒழுங்கை முகப்பில் என்னுடைய போட்டோக்கொப்பிக் கடை. அதனால் அந்தக் கொப்பியில் எனக்கு மட்டும் பதினொரு பக்கம் உண்டு.

கலியாணம் கட்டாதவ. ஏனென்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"பெண்பார்க்க வந்தவை எல்லாரும் என்னைக் கேள்வி கேட்டவை, தம்பி. நானும் திருப்பிக் கேட்டன். பிறகு ஒருத்தரும் வரேல்லை."

வீட்டிலே மூன்று அறைகளை பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தா. அதிலே ஒரு பிடிவாதம். வலிகாமத்துப் பிள்ளை வந்தால் "இடமில்லை" என்பா. தென்மராட்சிப் பிள்ளைக்கும் அதே பதில். யாழ்ப்பாணத்திலே சொந்தமென்று ஒரு குஞ்சும் இல்லாத பிள்ளை வந்தால்தான் கதவு திறக்கும். ஒழுங்கையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "மச்சம் மாமிசம் சமைப்பினம், பாஷையும் விளங்காது, உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்டார்கள்.

"விளங்காத ஆக்களோடைதான் கதைக்கலாம். விளங்கின ஆக்களோடை கதைக்க என்ன கிடக்கு?" என்றா.

இன்னொரு தரம் என்னிடம் சொன்னா: "கொழும்பிலை நாங்கள் நாலு பேர். இஞ்சை உவையள் நாலு பேர். எல்லாரும் எங்கையோ ஒரு இடத்திலை நாலு பேர்தான், தம்பி." நான் எட்டுவருசமாகப் பத்திரிகைத் தலையங்கங்கள் வாசிக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை.

போன வருசம் அந்த மூன்று அறைகளிலும் இருந்தவர்கள் கிண்ணியாவிலிருந்து வந்த ரிஸ்னா, ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த புஷ்பா, மொனராகலையிலிருந்து வந்த சந்தமாலி.

ரிஸ்னா பெட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்குள் முப்பது கேள்வி. நோன்பு திறக்கையில் கஞ்சி குடிப்பார்கள் என்ற தகவல் கிடைத்ததும் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. கஞ்சி குடிக்கிற ஆக்களுக்கு பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் கொடுத்தால் என்ன குறைச்சல்?

"நண்டு போடலாமோ?"

"நாங்க நண்டு தின்னுறல்ல, அக்கா."

"றால்?"

"றால் தின்னுவம்."

எழுதினா: நண்டு இல்லை. றால் ஓம். பிறகு ஒரு பெரிய பானையில் காய்ச்சினா. பகல் முழுக்க வெறும் வயிற்றோடு இருந்த பிள்ளை மூன்று கோப்பை கூழ் குடித்துவிட்டு இருந்த கதிரையிலேயே நித்திரையாகிப்போனாள். அக்கா பக்கத்தில் நின்று அவள் எழும்பும்வரை காத்திருந்தா, எப்படி இருந்தது என்று கேட்க.

புஷ்பாவிடம் கேட்டது வேறு. "பிள்ளை, நல்ல தேயிலையை நாங்கள் குடிக்கிறமோ, பிடுங்கிற நீங்கள் குடிக்கிறியளோ?"

"ரெண்டு பேருமே இல்லீங்க அக்கா. நல்லது கப்பல்ல போயிருது."

அக்கா இதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, என்னிடம் கொண்டுவந்து ஒரு பிரதி எடுத்துப் போனா. எதற்கென்று கேட்டேன். "நல்ல பதில் ஒண்டு துலைஞ்சு போகக்கூடாது" என்றா.

சிக்கல் சந்தமாலியோடுதான். அவளுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் ஒரேயொரு சொல். அக்கா "ஹொந்தாய்?" என்று கேட்பா, சுகமா என்கிற மாதிரி. அவளும் "ஹொந்தாய்" என்று தலையாட்டுவாள். கண் மட்டும் சிவந்திருக்கும். வளாகத்திலே அன்பான விரிவுரையாளர்கள் உண்டு, மாணவர் சங்கங்கள் உண்டு, சிநேகிதப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, தன் பாஷையில் ஒரு நாய்கூடக் குரைக்காத ஒழுங்கையில், ஒரு பிள்ளை என்ன செய்வது என்பதற்குச் சங்கம் இல்லை.

புத்தர் பிறந்த வெசாக் போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் அக்கா கடைக்கு வந்தா. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"சந்தமாலி படிப்பை விட்டிட்டுப் போறாளாம். நாளைக் காலமை தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகப்போறாராம். புஷ்பாதான் கேட்டுச் சொன்னவள். அவளுக்குச் சிங்களம் தெரியுமெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"ஐயோ. மறிச்சுப் பாருங்கோவன்."

"நான் ஆர் மறிக்க? எனக்குக் கேட்க மட்டும்தான் தெரியும்." கொப்பியை விரித்துக் காட்டினா. சந்தமாலியின் பக்கத்தில் பெயரும், அதன் கீழே 'ஹொந்தாய்' என்ற சொல்லும். மிச்சம் வெறுந்தாள். "மூண்டு மாசம் என்ரை வீட்டிலை இருந்த பிள்ளை. அவளைப் பற்றி எனக்கு ஒண்டுமே தெரியாது, தம்பி."

கொப்பியை மூடிக் கக்கத்தில் செருகினா. பிறகு, "வெசாக்குக்கு உங்கடை வீட்டிலை என்ன செய்யிறனியள் எண்டு புஷ்பாவைக்கொண்டு கேட்டுப் பாத்தன். சொல்லி விளங்காதெண்டு கையைக் காட்டுறாள். அப்ப கையாலை செய்துகாட்டட்டும். கலர்த்தாள் இருக்கோ?"

கலர்த்தாள் இல்லை. பிழையாக விழுந்த போட்டோக்கொப்பித் தாள்கள் இருந்தன, ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் வெள்ளை. ஒரு கட்டுத் தூக்கிக் கொடுத்தேன். அந்தக் கட்டு என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை எட்டு மணியிருக்கும். நான் ஒரு பிள்ளையின் புத்தகத்தை மெஷினில் வைத்து மூடியை அமத்துகிறேன், சைக்கிளில் மூச்சுவாங்கியபடி வந்து நின்றார் மனேச்சர். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கையிலே எந்தச் சாவையும் முதலில் அறிகிற உரிமை அவருக்கு.

"டேய், கேள்விப்பட்டியோ? சீ.ஆர். அக்கா போட்டா!"

"எங்கை?"

"எங்கையெண்டு கேக்கிறாய்! மேலை!"

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று கேட்காதேயுங்கள். வீட்டு வாசலைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. மதிலின் இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளைக்கொடி. வாசற்படலையிலே குருத்தோலைத் தோரணம். எங்கள் ஊரில் கலியாணத்துக்குக் கட்டுகிற தோரணத்தில் ஓலைக்குருவியின் தலை மேலே பார்க்கும். செத்தவீடென்றால் கீழே பார்க்கும். இங்கே அத்தனை குருவியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தொங்கின.

ஒழுங்கையே கூடிவிட்டது. மனேச்சர் சொல்லிவிட்ட பிளாஸ்ரிக் கதிரைகள் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரப் பெட்டியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. சந்தையிலே கத்தரிக்காய் விற்கிறவர், அக்காவோடு பத்துவருசமாகச் சண்டை பிடித்தவர், துவாயால் கண்ணைத் துடைத்தார். "போன கிழமை ஒரு கேள்வி கேட்டவ. நாளைக்குச் சொல்லுறன் எண்டு சொன்னனான்." பக்கத்துவீட்டுப் பரிமளம் மாமி படலையடியில் குந்தியிருந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டா.

நானும் அழுதேன். கண்ணீருக்குள்ளால் பார்க்கையில் ஒரு கொடியில் ஏதோ எழுத்துத் தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். 'இரசாயனவியல், பகுதி இரண்டு. எல்லா வினாக்களுக்கும் விடை தருக.' கலர்த்தாளுக்குப் பதிலாக நான் கொடுத்த தாள்.

அந்த நேரம் வீட்டுக்குப் பின்னாலிருந்து, இரண்டு கையிலும் மாப்பசை வழிய, சீ.ஆர். அக்கா வந்தா.

"ஆர் செத்தது?"

மனேச்சர்தான், கொஞ்சம் கோபமாக, "நீங்கள்தான்" என்றார்.

"எப்ப?"

"காலமை."

"என்ன வருத்தம்?"

"நெஞ்சுவருத்தமெண்டு..."

"எண்டு ஆர் சொன்னது?"

மனேச்சர் கழுத்தைத் துடைத்தார். "இப்ப உதை விடுங்கோ அக்கா. கதிரை வந்திட்டுது."

சனம் சிரிக்கத் தொடங்கியது. பரிமளம் மாமி மட்டும் ஒப்பாரியை விடவில்லை. "பொறுங்கோடி, இந்த அடியை முடிச்சிட்டு நிப்பாட்டுறன்."

சிரிப்பு அடங்கமுதல் படலைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு மனிதர் கையில் ஒரு பையோடு இறங்கினார். வெள்ளைக்கொடியைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார். தலைவிரித்து அழுகிற மாமியைப் பார்த்தார். வெள்ளைக்கொடிக்கு மொனராகலையிலும் அதுதான் அர்த்தம். மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. பை கைநழுவி விழுந்தது. வாழைப்பழங்கள் தெருவில் உருண்டன. "மகே துவ" என்றார். என் மகள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

சிங்களம் தெரியாத எங்கள் எல்லாருக்கும் அந்த இரண்டு சொல்லும் விளங்கியது. பரிமளம் மாமிகூட நிறுத்திவிட்டா.

"தாத்தே!"

சிங்களத்திலே அப்பாவை அப்படிக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்து, பாதி ஒட்டிய வெசாக் கூடு என்கிற காகிதவிளக்கைக் கையில் பிடித்தபடி சந்தமாலி ஓடிவந்தாள். அந்த மனிதர் அவளுடைய முகம், கை, தலை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒழுங்கைச் சனம் மறுபக்கம் திரும்பி நின்றது. கத்தரிக்காய்க்காரர் உருண்ட பழங்களைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

மூச்சு வந்தபின் அவர் கேட்டார். புஷ்பா நடுவில் நின்றாள்.

"இந்தச் சனம் ஏன் அழுதுச்சுன்னு கேக்குறாரு."

"நான் செத்துப்போனன் எண்டு" என்றா அக்கா.

"எல்லாரும் உங்க சொந்தக்காரங்களான்னு கேக்குறாரு."

"ஒருத்தரும் இல்லை. ஒழுங்கைச் சனம்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சறத்தை மடித்துக் கட்டிய மனேச்சரை, பசைக்கையோடு நிற்கிற அக்காவை, என்னை. பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். புஷ்பா சந்தமாலியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என் மகளுக்குக் காய்ச்சல் வந்தா, இவங்க வருவாங்களான்னு கேக்குறாரு."

ஊர் முழுக்கக் கேள்வி கேட்ட சீ.ஆர். அக்காவிடமே வந்த கேள்வி அது. கைப்பசையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றா. மனேச்சர்தான் முன்னுக்கு வந்தார்.

"காய்ச்சலுக்கென்ன, தடிமனுக்கே வருவம்! கதிரையோடை வருவம்!"

புஷ்பா அதைச் சிங்களத்தில் சொன்னதும் முதலில் சிரித்தது சந்தமாலி. தகப்பன் பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் அவளிடம் ஏதோ கேட்க, அவள் நிலத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த வெசாக் கூட்டின் ஒரு பக்கத்தை அவரிடம் நீட்டி, பிடிக்கச் சொன்னாள். எங்கள் பக்கம் திரும்பி, மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தமிழில் சொன்னாள்:

"இது முடியேல்லை."

வந்த கதிரைகள் வீணாகவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் முற்றத்தில் இருந்து மத்தியானம்வரை வெசாக் கூடு ஒட்டியது. தகப்பன் பின்னேர ரயிலுக்குத் தனியாகப் போனார். சந்தமாலி இப்போது இரண்டாம் வருசம். கத்தரிக்காய்க்காரரோடு தமிழிலே சண்டை பிடிக்கிறாள்.

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு அக்காவிடம் கேட்டேன். "குருவி கீழை பாக்கிறதை நீங்கள் காணேல்லையோ? பாத்த உடனை செத்தவீடு எண்டு தெரியுதே."

"கண்டனான்."

"பிறகேன் விட்டியள்?"

"சந்தமாலி சிரிச்சுக்கொண்டு கட்டினவள், தம்பி. அதை எப்பிடி அவிழ்க்கச் சொல்லுறது?"

நான் கடைக்குத் திரும்பிப் போனேன். கதவு இரண்டும் அகலத் திறந்து கிடந்தது. காசு போடுகிற லாச்சி திறந்து கிடந்தது. மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மூடிக்குள்ளே அந்தப் பிள்ளையின் புத்தகம். கடையை இப்படிப் போட்டுவிட்டு எங்கே ஓடினாய் என்று யாராவது கேட்டால், வயதாகிவிட்டது, மறதி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.