கியர் பாயைக் கேட்காமல் கியர் மாற்றிய கார்

ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை ஓடிய வண்டிகளில், கியர் பாய்க்குப் பயப்படாத வண்டி ஒன்றுகூட இல்லை. பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கியர் பாயிடம் திட்டு வாங்காத டிரைவர்கள் அதைவிடக் குறைவு.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஷிப்பிங் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் முதலாளியின் கார் டிரைவர். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். வருகைப் பதிவேட்டிலேயே ‘கியர் பாய்’ என்று இருந்ததால் யாரும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அவருடைய மதக் கொள்கை வேறு, தொழில் கொள்கை வேறு. தொழில் கொள்கை ஒரே வரி: கியரைக் கையால் மாற்றக் கூடாது, காதால் மாற்ற வேண்டும்.

“இன்ஜின் பேசும் சார். ‘போதும்டா, விடு’ன்னு அதுவே சொல்லும். அப்பத்தான் மாத்தணும். முன்னாடியே மாத்துனா அதுக்கு மூச்சு முட்டும். பின்னாடி மாத்துனா தொண்ட கிழியும்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவரோடு பஸ்ஸில் போனால்தான் தெரியும். ஒருமுறை வேலூரிலிருந்து திரும்பும்போது டிரைவருக்கு நேர் பின் சீட்டில் நாங்கள் இருவரும் அகப்பட்டுக்கொண்டோம். பஸ் கிளம்பியதும் பாய் கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப... இப்ப மாத்து... அய்யோ, லேட்டு!” என்று ஆரம்பித்துவிட்டார். பள்ளிகொண்டா தாண்டும்வரை அந்த டிரைவர் பொறுத்துக்கொண்டார். பிறகு பஸ்ஸை ஓரம் கட்டினார்.

“யோவ் பாய், நீ ஓட்றியா, நான் ஓட்டட்டா?”

இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்ட பாய், கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்து, “சரி, நவுரு” என்றார்.

மீதித் தூரத்தில் ஒரு பகுதியை நாங்கள் நடந்தே கடந்தோம். அவர் எந்தத் தவறும் செய்யாதவர் போலவும், நான் எல்லாத் தவறும் செய்தவன் போலவும் நடந்தோம்.

என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினால் இன்னும் விசேஷம். தோளில் ஒரு தட்டு தட்டினால் மேல் கியர், இரண்டு தட்டினால் கீழ் கியர். வீட்டில் தோள் வீங்கியிருப்பதைப் பார்த்து மனைவி காரணம் கேட்டாள். “கியர் மாத்துனது” என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் காரணம் எதுவும் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான், இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், ஆட்டோமேட்டிக் கார் நுழைந்தது. ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையர்களை மீனம்பாக்கத்திலிருந்து குலுங்காமல் அழைத்துவர வேண்டுமென்று முதலாளி வாங்கினார். பாய் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், ஒரு பெடலைக் காணோம். வர்ற வழியில எவனோ கழட்டிட்டான்.”

“கிளட்ச் கிடையாது பாய். கியரை அதுவே மாத்திக்கும்.”

“அதுவேவா? யாரைக் கேட்டு?”

முதல் நாளே விபரீதம். முப்பது வருடம் கிளட்ச்சை மிதித்த இடது கால், பழக்கத்தில் அகலமான பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தது. பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி, பேப்பரோடு முன் சீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டார். நெற்றியைத் தடவியபடியே தீர்ப்புச் சொன்னார்:

“பாய், ஒரு மாசம் டைம். பழகிட்டா சரி. இல்லன்னா பெங்களூர்லேந்து ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரிஞ்ச பையன் வர்றான். நீங்க சாம்பிள் வேனுக்குப் போய்டுங்க.”

சாம்பிள் வேன் என்பது ஷூ ஜோடிகளைத் தோல் தொழிற்சாலைக்கும் எங்களுக்கும் இடையே சுமக்கும் ஒரு தகர டப்பா. முதலாளியின் அப்பாவுக்கும் கார் ஓட்டியவர் பாய். அன்று அவர் மத்தியான பிரியாணியைத் தொடவில்லை. ஆம்பூர்க்காரர் ஒருவர் பிரியாணியைத் தொடவில்லை என்றால் நிலைமை புரிந்திருக்கும்.

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிங் செக்‌ஷனில் நல்ல மாட்டுத் தோலாகப் பார்த்து ஒரு பட்டை வெட்டச் சொல்லி, தையல் பெண்களிடம் கொடுத்து பக்கிள் வைத்துத் தைத்து வாங்கி, இடது காலை சீட்டின் அடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய தரமான தோல். கால் அசையவில்லை, கார் குலுங்கவில்லை. போர்டிகோவில் நின்றதும் முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட அவசரமாக இறங்கியபோதுதான் பட்டையின் நினைவு வந்தது. பாய் மொத்தமும் வெளியே வந்தார், இடது கால் மட்டும் வரவில்லை.

“இன்னா பாய், மண்ணுல தேடறீங்க?” என்றார் முதலாளி.

“சாவி முதலாளி” என்றார் பாய், மல்லாந்தபடி.

ஒரு வாரத்தில் கால் பழகிவிட்டது. காதுதான் பழகவில்லை. சாதாரணமாக ஓட்டுவதற்கான ‘டி’யில் லீவரைப் போட்டால் அந்தக் கார் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும். பஜாரில் மூன்று பிரியாணிக் கடை தாண்டுவதற்குள் நாலாவது கியர்.

“இது உன்ன மாதிரி சார்” என்றார் என்னிடம். “எப்படா பிரமோஷன் வரும், மேல போய் சும்மா குந்திக்கலாம்னு பாக்குது. ஒரு மேடு வந்தா முழிக்குது. அழுத்தி மெறட்டுனாத்தான் கீழ வந்து வேலை செய்யுது. கால லேசா எடுத்தாப் போதும், மறுபடி மேல.”

நான் மறுக்கவில்லை. அவர் சொன்னது காரைப் பற்றியும் சரிதான்.

பத்தாம் நாள், லீவரை ‘டி’க்குக் கீழே இன்னொரு படி இழுத்துப் பார்த்தார். அங்கே ‘எஸ்’ என்று ஓர் எழுத்து. இன்ஜின் உறுமியது. கியர் மாறவில்லை. இன்னும் மாறவில்லை. பாயின் உதடு அசைந்தது. “இப்ப” என்றார். மாறியது. திருவிழாவில் தொலைந்த தம்பியைப் பார்த்தவர் போல அவர் முகம் ஆகிவிட்டது.

“இதுக்குக் காது இருக்குது சார்!”

அது ஸ்போர்ட் மோடு என்று கையேட்டைப் பார்த்து விளக்கினேன்: கியரை நீண்ட நேரம் பிடித்துவைத்திருக்கும், தொட்டால் உடனே கீழே இறங்கும், வேகமாக ஓட்டுகிறவர்களுக்கானது. பாய் வேகமாக ஓட்டவில்லை. பஜாரில் எருமைக்குப் பின்னால் போகும்போதும் ‘எஸ்’தான். எருமை ஒரு கணம் திரும்பிப் பார்த்து வழிவிட்டது. காலை எடுத்தால் முன்னே ஒரு தள்ளல், மிதித்தால் பின்னே ஒரு தள்ளல். பெட்ரோல் முள் நாங்கள் பார்க்கும்போதே சாய்ந்தது.

“வண்டி ஏன் இந்தக் கத்து கத்துது?”

“பேசுது முதலாளி.”

“எனக்கு அது பேச வேணாம். இனிமே ‘எஸ்’ல கை வெக்கக் கூடாது. வெச்சீங்கன்னா அன்னிக்கே சாம்பிள் வேன்.”

அதோடு விடாமல், என்னை முன் சீட்டில் உட்கார்ந்து உளவு பார்த்துச் சொல்லும்படி உத்தரவிட்டார். நேர்மையான குமாஸ்தாவாகிய நான், பாயின் கை லீவர் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஆம்பூரின் கடைப் பலகைகள் அனைத்தும் தமிழிலும் உருதுவிலும் எனக்கு மனப்பாடம் ஆனது அப்போதுதான். ஆனால் பாய் லீவரைத் தொடவே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு ஜெர்மன் பையர் வந்தார். ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் ஏலகிரி மலையைப் பார்க்க ஆசைப்பட்டார். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது, ‘டி’யில் இருந்த கார் ஒவ்வொரு வளைவிலும் மேல் கியரா, கீழ் கியரா என்று யோசித்து யோசித்து ஏறியது. பெரிய சிக்கல் இறங்கும்போதுதான். காலை எடுத்தாலே மேல் கியர், சரிவில் கார் தானாக ஓடும், பாய் பிரேக் மிதித்தபடியே இருந்தார். ஐந்தாவது வளைவில் ஒரு கருகிய வாடை. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த முதலாளிக்கே அது பொறுக்கவில்லை.

“இன்னா வாடை பாய்?”

“பிரேக்கு சூடாய்டுச்சு முதலாளி.” பாய் காரை வளைவின் ஓரத்தில் நிறுத்தினார். “ஆறட்டும்.”

ஜெர்மன்காரர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை விடாமல் ஏதோ முணுமுணுத்தார். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஜெபம் எந்த மொழியிலும் புரியும்.

“இதுக்கு வழியே இல்லையா?”

“இருக்குது.”

“அப்ப செய்யறதுதானே!”

“நீங்க கை வெக்கக் கூடாதுன்னீங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே கடைப் பலகை எதுவும் இல்லை, பள்ளத்தாக்குதான் இருந்தது. பிரேக் ஆறக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

“போடுங்க பாய், அந்த எழவெடுத்த ‘எஸ்’ஸ!”

போட்டார். கார் கீழ் கியரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டது. உறுமலே கடிவாளமாகி, பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும் என்ற கணக்கில், மீதி வளைவுகளை ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கியது. அங்கிருந்து மூன்றாவது வளைவில் ஜெர்மன்காரர் கைப்பிடியை விட்டார். எட்டாவதில் குறட்டை விட்டார்.

அடிவாரத்தில் பாய், யாரும் சொல்லாமலே, லீவரை மறுபடி ‘டி’க்குத் தள்ளினார்.

“ஏன் பாய்?” என்றேன்.

“சமதரைக்கு இது போதும் சார். எல்லா நேரமும் கத்தினே இருந்தா யாருக்குத்தான் பேஜாராவாது?”

விழித்துக்கொண்ட ஜெர்மன்காரர், உங்கள் டிரைவர் முன்பு பந்தயக் கார் ஓட்டியவரா என்று கேட்டார். முதலாளி கூசாமல் ‘ஆமாம்’ என்றார். “எங்க அப்பா காலத்துலேந்து எங்ககிட்டதான். இனிமேலும் எங்ககிட்டதான்.” இதை ஆங்கிலத்தில் ஜெர்மன்காரருக்கும், தமிழில் கண்ணாடியில் தெரிந்த இரண்டு கண்களுக்கும் சொன்னார். பெங்களூர்ப் பையன் வரவே இல்லை.

அதன் பிறகு ஊருக்குள் ‘டி’, லாரியை முந்த ‘எஸ்’, மலைக்கு ‘எஸ்’ என்று முதலாளிக்கும் பாய்க்கும் உடன்பாடு. பாய் ஓய்வு பெறும்வரை அது மீறப்படவில்லை.

சில வருடம் கழித்து நானும் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். கியர் மாற்றத் தெரியாதவனுக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் உண்டா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூர் போய் பாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாணியம்பாடி வரை ஒரு சுற்று. அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஹாரன் அடித்தால்கூட யார் கூப்பிட்டது என்கிறார். ஆனாலும் கார் கிளம்பியதும் பழையபடி கண்ணை மூடிக்கொள்கிறார்.

நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியே பிடித்துக் காத்திருக்கிறேன். கியர் மாறாமல் இன்ஜின் கத்துகிறது. ரோட்டில் போகிறவர்கள் முறைக்கிறார்கள். அவர் “இப்ப” என்றதும் காலை லேசாக எடுக்கிறேன். கியர் மாறுகிறது.

“பாத்தியா சார்? இந்தக் காது இன்னும் போவல.”

“போவல பாய்” என்கிறேன், சற்று உரக்க.