மலிவான புல்வெட்டியும் இரண்டு போத்தல் சுறா எண்ணெயும்

செபஸ்தியார் துணை

ஊர்காவற்றுறை,
30.1.1964

அன்பின் மைத்துனர் லியோன் அறிவது,

சென்ற மார்கழி 14ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, பங்கு மண்டபத்தில் கூடிய எங்கள் உதைபந்தாட்டக் கழக நிர்வாகசபை, இனிமேல் மைதானத்துப் புல்லை ஆடுகள் வெட்டக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. செயலாளர் என்ற முறையில் நானே முன்மொழிந்தேன். ஆடுகளின் சொந்தக்காரியான உம்முடைய அக்கா சூசையம்மாவுக்கு வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். அவவும் நானும் ஏழு ஆடுகளும் சுகம். கொழும்பில் மலிவாக ஒரு புல் வெட்டும் மெசின் வாங்குமுன் எதையெதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தீர். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்.

ஆடுகளை நிற்பாட்டிய காரணம் இதுதான். போன வருடத் திருநாள் ஆட்டத்தில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்த அனலைதீவுக் கோலி எழும்பிச் சேட்டில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டு, "இவங்கள் பந்தோடை புழுக்கையும் அடிக்கிறாங்கள்" என்றான். வென்றது நாங்கள், ஊர் முழுக்கச் சிரித்தது அதற்கு. அந்தத் திருநாள் ஆட்டத்தில் வெல்பவர்களுக்கான கேடயம் ஆறு வருடமாக என் அலுமாரியில் இருந்தது. மைதானம் ஆயத்தமில்லாவிட்டால் அது வந்த அணிக்குப் போகும் என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையின் மெசினை விளம்பரத்தில் பார்த்து எடுப்பித்தேன். நீர் முதலில் ஒரு கடதாசித் துண்டை அலகுக்குள் கொடுத்துச் சுழற்றிப் பாரும். வெட்டினால் வாங்கலாம். நான் பூச்சைத்தான் பார்த்தேன், நல்ல பச்சை. அடுத்து, அது எந்த நிலத்தில் ஓடியது என்று விசாரியும். துரையின் புல்லுக்குக் கீழே மண் இருந்திருக்கிறது. எங்கள் புல்லுக்குக் கீழே கல். பத்து முழம் போகுமுன் மெசின் நின்றுவிட்டது. ஆடுகள் வீட்டில் கட்டிக் கிடந்த ஆறு கிழமையில், மாரி மழைக்குப் புல் முழங்காலுக்கு வந்திருந்தது.

மூன்றாவது, எண்ணெய் யார் பூசுகிறார்கள் என்று பாரும். தோணிக்காரர் யாகப்பு அண்ணை வந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இது உப்புக் காத்திலை துருப் பிடிச்சிட்டுது. தோணிக்குப் போடுற மருந்துதான் இதுக்கும்."

"புல்லு வெட்டுமோ அண்ணை?"

"முதல் ஓடட்டும். வெட்டுறதைப் பிறகு பாப்பம்."

இரண்டு போத்தல் சுறா எண்ணெய் ஊற்றினார். ஓடியது, லியோன். பொழுதுபடும்வரை மைதானம் முழுவதும் எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடியது. புல்லெல்லாம் படுத்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம். விடிய எழும்பி நின்றது, ஒன்றும் குறையாமல், மினுங்கிக்கொண்டு.

தீர்மானத்தைத் தற்காலிகமாக ஒத்திவைத்து ஆடுகளை அழைத்துப்போனேன். மணந்து பார்த்துவிட்டு ஏழும் திரும்பி நடந்து, சுவாமியாரின் கத்தரித் தோட்டத்துக்குள் போயின.

"என்ரை ஆடு பசி கிடந்தாலும் கிடக்கும், மீன் நாத்தப் புல்லுத் தின்னாது," என்றா உம்முடைய அக்கா. "உங்கடை கொமிற்றியைக் கூட்டித் தின்னச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை இந்த வருட ஆட்டத்துக்கு அனலைதீவார் வந்து இறங்கினார்கள். கப்டன் பரமலிங்கம் கோட்டுக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்தினார். "மாஸ்ரர், குறை நினையாதையுங்கோ. பெடியள் தைப்பூசத்துக்கு விரதம். இந்த மச்ச மணத்துக்குள்ளை கால் வைக்க ஏலாது."

"புல்லிலை மச்சம் எங்கை?" என்றேன்.

"அதைக் காகத்திட்டைக் கேளுங்கோ," என்றார். மைதானத்தில் அப்போது நாற்பது காகமாவது நின்றன.

விதிப் புத்தகத்தை நானே வாசித்து, கேடயத்தை நானே தூக்கிக் கொடுத்தேன்.

ஜசிந்தாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர். புனித செபஸ்தியார் உம்மைக் கொள்ளைநோயிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
பஸ்ரியாம்பிள்ளை

பி.கு: மேலே எழுதியவற்றைப் பார்த்து நீர் கடை கடையாக அலையவேண்டியதில்லை. எங்கள் மெசினைச் செவ்வாய்க்கிழமையே உம்முடைய பெயருக்கு ரயிலில் ஏற்றிவிட்டேன். வீட்டில் பூனை இருந்தால் மெசின் வந்துசேரும் அன்றைக்குக் கட்டிவையும். கேடயம் இருந்த தட்டில் அக்கா தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கியிருக்கிறா.