கிழிக்க ஒரு கடிதம்

தெருவில் எல்லோருக்கும் கடிதம் வந்துவிட்டதாம். பல் டாக்டருக்கு மட்டும் வரவில்லை.

பெரிய வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் வரியை ஏற்றியிருந்தது. மாட்டியவர்களுக்கு வீடு தேடிக் கடிதம் வரும் என்று செய்தி. தெருச் சங்கம் கொதித்துப்போய்க் கூட்டம் போட்டது. வக்கீல் எழுந்து, தனக்கு வந்துவிட்டதாகப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். காண்ட்ராக்டருக்கும் நகைக்கடைக்காரருக்கும்கூட வந்துவிட்டதாம்.

டாக்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாலு பேர் முன்னால் ஏழையாக உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

"எனக்கு முதல் நாளே வந்துடுச்சு. ஒரு பைசா கட்ட மாட்டேன்" என்று மேசையைத் தட்டினார்.

தட்டியவரையே போராட்டத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் தலைவர் தன் கடிதத்தைக் கிழிப்பார், அடுத்து மற்றவர்கள் என்று தீர்மானம் போட்டார்கள்.

"இல்லாத கடிதத்தை எப்படிங்க கிழிப்பீங்க?" என்றாள் மனைவி.

டாக்டர் கிளினிக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கடிதம் தயாரித்தார். அரசாங்க முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கிளினிக்கின் சின்னமான கடைவாய்ப்பல் சிரித்தது. அதையாவது தூரத்தில் நின்று கிழித்துவிடலாம் என்றிருந்தார். ஆனால் கிழிப்பதற்கு முன் கடிதங்களைப் பத்திரிகைக்காரர்கள் கிட்டத்தில் படம் எடுப்பார்கள் என்று சங்கத்திலிருந்து தகவல் வந்தது.

மறுநாள் காலை நேராக வரி அலுவலகத்துக்கே போய், தனக்கு ஏன் கடிதம் அனுப்பவில்லை என்று சண்டைக்கு நின்றார்.

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "நீங்க காட்டியிருக்கிற வருமானத்துக்கு வரியே கிடையாது, சார். உங்க கம்பவுண்டர் உங்களைவிட ஜாஸ்தி சம்பாதிக்கிறார். அவர் ஒழுங்கா வரியும் கட்டுறார்."

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் முதன்முதலில் கார் வாங்கியவர் அவர். தலைவர் என்று கைதட்டிய கூட்டம் ஞாயிற்றுக்கிழமை கைகொட்டிச் சிரிக்கும். அந்த மானக்கேட்டைவிடப் பணம் போவதே மேல்.

பையிலிருந்து, எவர் கண்ணிலும் படாமல் எப்போதும் கூடவே வைத்திருக்கும் நிஜக் கணக்கு நோட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"ஆறு வருஷத்து வருமானம் இதுல இருக்கு. நான் யாருன்னு நல்லா எழுதிக்குங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தார். பழைய பாக்கி, அபராதம், புது வரி என்று நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடிதம் அங்கேயே கைக்கு வந்தது. இனி எவன் கேட்டாலும் மூஞ்சிக்கு நேரே நீட்டலாம்.

வாசலில் உட்கார்ந்திருந்த பியூன் அவருடைய விலாசத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார்.

"அந்தத் தெருவா? அங்கே நாங்க யாருக்குமே கடிதம் அனுப்பலையே சார். வக்கீல், காண்ட்ராக்டர், நகைக்கடைக்காரர் எல்லாரும் நேத்து உங்களை மாதிரியே சண்டை போட்டு வாங்கிட்டுப் போனாங்க."