பரந்தன் சந்தியில் பச்சைக்கிளிப் பக்கம்

பரந்தன் சந்தியில் தெய்வம் இறங்கியிருந்தது. கோயிலில் அல்ல, மரத்தடியிலும் அல்ல. யோகலிங்கத்தின் போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறைக் கணினியில். ஏ9 வீதியில் ஓடும் பஸ் நடத்துநர்கள்கூட "சாமிக் கொம்பியூட்டர் இறங்கு!" என்று கூவத் தொடங்கிவிட்டார்கள். செட்டிகுளத்திலிருந்து வாடகை வான் பிடித்து வந்தார்கள். வெயிலில் நின்ற சனத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் சர்பத் விற்கத் தொடங்கினார். அந்தத் தெய்வத்தால் நிச்சயமாகப் பலன் பெற்றவர் அவர்தான்.

அற்புதம் இதுதான். அந்தக் கணினியில் இணையத்தைத் திறந்தால் முதலில் ஒரு பக்கம் தானாக வந்து நிற்கும். மேலே பச்சைக்கிளி, நடுவில் தேடும் பெட்டி, கீழே வரிசையாகப் படங்கள். யோகலிங்கம் அந்தப் பக்கத்தை மாற்றினாராம், திரும்பி வந்ததாம். கணினியை நிறுத்திப் போட்டாராம், மறுபடியும் கிளியாம். கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியரே கும்பிட்டுவிட்டுப் போனாராம். அந்த எஞ்சினியரை ஒருவரும் கண்டதில்லை. அற்புதங்களின் சாட்சிகள் எப்போதும் முதல்நாளே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்றிலிருந்து யோகலிங்கம் திருமுகப்புச் சித்தர். வருகிறவர் மனதில் இருப்பதை, வாய் திறக்காமலே அந்தப் பக்கம் படம் போட்டுக் காட்டும். கல்யாணத்தை நினைத்தவருக்குத் தாலிக்கொடி, காணியை நினைத்தவருக்குக் காணி. சுவரில் எல்லா மதத்துப் படங்களும் தொங்கின. சித்தருக்கு மதபேதம் கிடையாது, அவருடைய உண்டியலுக்கும் கிடையாது.

முள்ளிவாய்க்கால் மத்தேயுவும் போனார். வள்ளமும் இஞ்சினுமாகக் கடலை நம்பிச் சீவிக்கிற மனிதர். இங்கேயே தொழில் செய்வதா, கனடாவில் இருக்கும் தம்பியிடம் போவதா என்பது அவருடைய கேள்வி. திரையில் விமானமும் பனிமழையும் வந்தன. அவ்வளவுதான், வள்ளத்தை விற்க ஆள் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவர் மனைவி றோஸ்மேரி கணக்குப் போட்டுப் பார்த்தார். கனடாவுக்குப் போக விசா இல்லை; வள்ளமும் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரிய வழியும் இல்லை.

"பச்சைக் கிளியோ இருந்தது?" என்று கேட்டார் றோஸ்மேரி.

"ஓம். நான் வாயே திறக்கேல்லை. அது தானாக் கனடாவைக் காட்டிச்சு."

"உள்ளுக்குத் திறக்கேல்லை. வெளியில?"

"வெளியில பதியிற பிள்ளை என்ன விசயம் எண்டு கேட்டவா. சொன்னனான். அது பதிவுதானே."

றோஸ்மேரி மீனவப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். முன்பு ஒருமுறை யாரோ இணையத்திலிருந்து இலவசமாகப் பாட்டு இறக்கப் போய், இதே கிளி சங்கத்துக் கணினியிலும் வந்து குந்தியது. அவர் அதற்குக் கற்பூரம் காட்டவில்லை, பிடித்துக் கலைத்துவிட்டார்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றார்.

மறுநாள் கடை வாசலில் இன்னொரு கணினியோடு இருந்தவர் யோகலிங்கத்தின் மச்சாள் விமலேஸ்வரி.

"என்ன விசயமா வந்தனீங்கள், அக்கா?"

"தொட்டில் ஒண்டு வாங்கோணும் தங்கச்சி. பிள்ளைச் சாமான் எல்லாம் வேணும்."

விமலேஸ்வரி றோஸ்மேரியின் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் விரல்கள் தட்டின: தொட்டில், பம்பேர்ஸ், பால்போத்தல். பதிவு என்றார்கள், தட்டியதோ தேடும் பெட்டியில். றோஸ்மேரி அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். மத்தேயுவும் பின்னால் போனார்.

"மனசில ஒண்டை நினையுங்கோ அம்மா. வெளியில சொல்லாதேங்கோ," என்றார் யோகலிங்கம்.

மணி அடித்தது. சாம்பிராணிப் புகை எழுந்தது. கிளி வந்தது. கிளிக்குக் கீழே தொட்டில், பம்பேர்ஸ், கிலுகிலுப்பை.

சித்தர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் தொழில் தெரிந்தவர். "அம்மா, உங்கட வீட்டில தொட்டில் ஆடப்போகுது!"

மத்தேயு பயத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஐம்பத்தாறு வயசு, தம்பி. நான் நினைச்சது எங்கட வள்ளத்தை. தொட்டில் வெளியில சொன்ன பொய்."

"தெய்வத்திட்டப் பொய் சொன்னா கோவிக்கும்!"

"கோவிக்கட்டும். பொய் எண்டு அதுக்குத் தெரியேல்லையே. சரி, அடுத்த ஆளைப் பதியாமல் உள்ள விடுங்கோ பாப்பம்."

சத்தம் கேட்டுச் சனம் கதவை அடைத்து நின்றது. சித்தரால் மறுக்க முடியவில்லை. அடுத்தவர் மயில்வாகனம், எழுபது தாண்டியவர். காணாமற்போன பசுவைத் தேடி வந்தவர். கண்ணை மூடிப் பசுவை நினைத்தார். மணி அடித்தது. பசு வரவில்லை. அதே தொட்டில், அதே பம்பேர்ஸ்.

"என்ன விசர்க்கதை இது!" என்று துள்ளி எழும்பினார் மயில்வாகனம். "நான் கலியாணமே கட்டேல்லை!"

அறை அதிரச் சிரித்தார்கள். சித்தரின் மச்சாளும் சிரித்துவிட்டார் என்பதுதான் கொடுமை.

றோஸ்மேரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கை வைச்சாக் கண் போயிடும்!" என்று கத்தினார் யோகலிங்கம்.

"முதலாவது, உது திருட்டுப் பக்கம். பாட்டு இறக்கேக்க ஒட்டிக்கொண்டு வந்தது. ரெண்டு கொம்பியூட்டருக்கும் ஒரே இணையக் கணக்கு. வெளியில தேடினதுக்கு உள்ளுக்கு விளம்பரம் வருது," என்றார் றோஸ்மேரி. பேசிக்கொண்டே அமைப்புகளுக்குள் போனார். கிளியோடு ஒட்டியிருந்த நீட்டிப்பை அழித்தார். அதைக் கொண்டுவந்த பாட்டு இறக்கும் செயலியையும் நீக்கினார். முகப்புப் பக்கத்தை வெறுமையாக வைத்தார். கணினியை நிறுத்தி மறுபடி திறந்தார்.

வெள்ளைத் திரை. கொழும்பு எஞ்சினியரைக் கும்பிட வைத்த தெய்வம் போன இடம் தெரியவில்லை.

"கண் தெரியுதோ?" என்று மெதுவாகக் கேட்டார் மத்தேயு.

"எனக்கு நல்லாத் தெரியுது. உங்களுக்கு?"

மத்தேயு கைபேசியை எடுத்து வள்ளம் வாங்க இருந்தவரை அழைத்தார். "தம்பி, ஞாயிறு வரவேண்டாம். வள்ளம் விக்கேல்லை." றோஸ்மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உண்டியலைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளிக்கிட்ட சித்தரை மயில்வாகனம் வழிமறித்து நின்றார்.

நம்முடைய சனம் இதோடு திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? வரிசையில் நின்ற ஒருவர் கைகூப்பிக்கொண்டு றோஸ்மேரியிடம் வந்தார்.

"அக்கா, சாமியையே கலைச்சுப் போட்டியள். உங்களிட்டத்தான் உண்மையான சக்தி இருக்கு. எனக்கும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

றோஸ்மேரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கொம்பியூட்டரைத் திறந்தா முதல் வாற பக்கத்தை நான் அழிச்சுப்போட்டன், அண்ணை. உங்கட தலையைத் திறந்தா முதல் வாற பக்கத்தை ஆர் மாத்தி வைச்சவை எண்டு நீங்கள்தான் வீட்டை போய் யோசிக்கோணும்."