கிட்டில் கடுதாசி எழுதிய அண்ணாச்சி

ஒரு கமாவை அழித்துவிட்டு ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கடுதாசி அண்ணாச்சி.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. அந்த மென்பொருளில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதை ‘கிட்’ என்ற கருவி பதிந்து வைக்கும். கூடவே நாமும் ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும். நாங்கள் ‘பிழை நீக்கம்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அண்ணாச்சியின் குறிப்பு இப்படி இருக்கும்:

“அன்புள்ள அனைவருக்கும், நலம். நலமறிய ஆவல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் லேட். நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வலி. அந்த எரிச்சலில் நாற்பதாவது வரியை அழித்துவிட்டேன். எழுதிய தம்பி செல்வம் மனம் வருந்த வேண்டாம். வரி நல்ல வரிதான், இருந்த இடம்தான் சரியில்லை.”

“எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு?” என்று கேட்டால், “நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்தா நடந்தது தெரியணும்லா? எழுத்துல பொய் வரக் கூடாது” என்பார்.

இரண்டு பேர் ஒரே வரியை மாற்றினால் கிட் ‘மோதல்’ என்று காட்டும். உடனே இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் பால்கோவாவை வைத்து, “ஏலே, பேசித் தீத்துட்டுத் தின்னுங்க” என்பார். ஒருமுறை மோதியவை, அவரே இரண்டு கம்ப்யூட்டரில் செய்த மாற்றங்கள். தனியாக உட்கார்ந்து அரைக் கிலோவையும் தின்று சமாதானமானார்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம். என் வேலை நிரந்தரமா இல்லையா என்று முதலாளி முடிவு செய்யவேண்டிய வாரம். அன்று மாலை ஆலைக்காரர்களுக்கு மென்பொருளைக் காட்ட வேண்டும். என் மாற்றத்தை ஏற்க மறுத்த கிட், என்னிடம் இருப்பது பழைய பிரதி என்றது. என்னிடமே எதிர்த்துப் பேசுகிறாயா என்று, வம்படியாக ஏற்றும் கட்டளையைக் கொடுத்தேன். ஏற்றிவிட்டது. மற்றவர்களின் இரண்டு வார வேலை சர்வரிலிருந்து காணாமல் போனது.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிபன்பாக்ஸோடு இருந்த அண்ணாச்சியிடம் ஓடிப்போய் அழுதேன்.

“செத்த நேரம் சும்மா இரும்மா. காலையில எடுத்த முழுப் பிரதி எங்கிட்ட இருக்கு” என்றவர், கை கழுவிவிட்டு வந்து பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். என் மாற்றத்தையும் ஒழுங்காகச் சேர்த்தார். பிறகு குறிப்பு எழுத விரல்களைச் சொடக்கு எடுத்தார்.

இவர் எழுதினால் நான் மூக்குறிஞ்சியதுவரை வந்துவிடும். முதலாளி படிப்பார், வேலை போகும்.

“அண்ணாச்சி, எம்பேரு மட்டும் வேண்டாமே.”

“என்னைப் பொய் எழுதச் சொல்லுதியா?” என்று முறைத்தார்.

போய்ப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். முதலாளி வந்தார், கிட்டைத் திறந்தார், திகைத்தார். திரையில் இருந்தது இவ்வளவுதான்: “அனைவரும் நலம்.”

“என்ன அண்ணாச்சி, ரெண்டே வார்த்தை? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“கை வலி, சார்” என்றார் அண்ணாச்சி.

எழுத்தில் பொய் வராத மனிதர், எனக்காக வாயால் சொல்லிவிட்டார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.