மெஷினுக்கு ஒரு வாரம் லீவு

ஆறு குண்டு கிடைத்துவிட்டது. ஏழாவதைக் காணவில்லை.

மாப்பிள்ளை பட்டறைத் தரையில் முழங்கால் போட்டு, பெஞ்சுக்கு அடியில் காந்தத்தால் துழாவிக்கொண்டிருந்தார். காந்தம் அவருடைய சொந்த யோசனை. பேரிங் குண்டு இரும்பு, காந்தம் இழுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் துடைப்பம் எட்டாத அந்த இடுக்கில் இருபத்திரண்டு வருடத்து இரும்புத்தூளும் கிடந்தது. அதுவும் இரும்புதான் என்பது கணக்கில் விட்டுப்போயிற்று. ஐந்து நிமிடத்தில் காந்தம் ஒரு முள்ளம்பன்றிக் குட்டியாகிவிட்டது.

"என்ன மாப்ள, தொலைஞ்சது பெருசா, சின்னதா?"

வாசலில் பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர். இந்த இடத்தை விலைக்குக் கேட்டு இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறவர். வந்தால் சும்மா நிற்க மாட்டார். கண்ணாலேயே சுவரை அளப்பார்.

"சின்னதுதாண்ணே."

"சின்னதுக்கா இப்படி வேர்க்குது?" என்று கேட்டுவிட்டு, கிழக்குச் சுவரை ஒருமுறை அளந்துவிட்டுப் போனார்.

பெஞ்சின் மேல், வயிறு திறந்தபடி கிடந்தது மாமனாரின் ஏர் கிரைண்டர். டார்ச் லைட் அளவுதான் இருக்கும். கம்ப்ரஸர் காற்றில் ஓடும். முனையில் கட்டரைச் செருகி, பிளாஸ்டிக் டப்பா வார்க்கும் இரும்பு அச்சுகளில் விரல் நுழையாத மூலையையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கும். பச்சை உடம்பு. அதன் வாலில் ஒரு சின்ன மயில். பட்டறை திறந்த அன்று மாமியார் வாங்கிக் கொடுத்து, கோடு கிழிக்கும் ஊசியால் தன் கையாலேயே கீறிய மயில்.

"ஒரே மெஷின் மாப்ள. இருபத்திரண்டு வருஷம்," என்பார் மாமனார். "எடுக்கும்போதே உழைக்கிற மாதிரி பாத்து எடுக்கணும். எடுத்தப்புறம் மாத்துற பேச்சே கூடாது. கல்யாணம் மாதிரி."

கல்யாணம் என்று சொல்லும்போது மாப்பிள்ளையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். எடுத்தபோது சரியாகப் பார்த்தோமா என்ற பார்வை.

மாப்பிள்ளை பட்டறைக்கு வருவதற்கு முன் ஒரு பெரிய அலுவலகத்தில் லீவு செக்‌ஷனில் இருந்தவர். ஏழு வருடம். கல்யாணத்துக்கு லீவு கேட்டவனிடம் பெண் வீட்டாரிடமிருந்து கடிதம் கேட்டவர். மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்து, பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றானபோது வேலையை விட்டுவிட்டு வந்தார். இனி திரும்பிப் போனால் அங்கே நாற்காலி கிடையாது.

கண் ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று மாமனார் மெஷினை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"மூணு வாரம். நான் கண்ணைத் திறந்து வந்து பாக்கும்போது இது இதே மாதிரி பாடணும். பாடுச்சுன்னா பட்டறைச் சாவி உங்க கையில. இல்லைன்னா லேத்துக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மெஷினைக் காப்பாத்த முடியாதவர் எப்படி ஒரு பட்டறையைக் காப்பாத்துவாரு?"

"சரி மாமா."

"காலைல மெல்லிசு எண்ணெய் ரெண்டு சொட்டு. முக்கியமா இன்னொண்ணு. சத்தம் லேசா கம்முச்சுன்னா வேலை வாங்காதீங்க. துணில சுத்தி அலமாரில வச்சிடுங்க. ஒரு வாரம் லீவு."

"மெஷினுக்கா மாமா?"

"அதுவும் ஒரு ஜீவன்தானே? மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அசதி வரும். லீவு முடிஞ்சு எடுத்துப் பாருங்க, புதுப் பொண்ணு மாதிரி பாடும். இந்த ரகசியம் எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரியாது."

பதினாறாம் நாள் சத்தம் லேசாகக் கம்மியது. அந்த வாரம் ஒரு டப்பா மூடி அச்சு கொடுத்தாக வேண்டும். துணியைக் கையில் எடுத்த மாப்பிள்ளைக்குள் பழைய லீவு செக்‌ஷன் விழித்துக்கொண்டது. வேலை நெருக்கடியில் லீவாவது! நிராகரித்தார்.

அதற்குப் பதில் சத்தாக எதையாவது கொடுப்போம் என்று பட்டது. மெல்லிய எண்ணெயே இவ்வளவு உழைத்தால் கெட்டி எண்ணெய் இன்னும் எவ்வளவு உழைக்கும் என்று லாரி கியருக்கு ஊற்றும் எண்ணெயை ஊற்றினார். மெஷின் ஊதுவதை விட்டு முனகத் தொடங்கியது. காற்று போதவில்லை போலிருக்கிறது என்று கம்ப்ரஸரைக் கூட்டி வைத்தார். மெஷின் ஒரு நிமிடம் இளமைக்காலத்தை நினைத்துக்கொண்டதுபோல் வீறிட்டது. அடுத்த நிமிடம் பேரிங் வெடித்து, ஏழு குண்டும் ஏழு திசைக்கு ஓடின.

இதெல்லாம் நடந்து இரண்டு நாளாகிறது. ஏழாவது குண்டு இன்னும் தலைமறைவு.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அப்பாவுக்கு டாக்டர் சரின்னுட்டாராம். நாளைக்குச் சாயங்காலமே பட்டறைக்கு வரணும்னு நிக்கிறாரு."

"அவசரம் என்ன? கண்ணு முதல்ல நல்லா ஆகட்டுமே."

"நல்லா ஆயிடுச்சுங்க! சுவத்துல போற எறும்புக்கு எத்தனை காலுன்னு எண்ணிச் சொல்றாரு. ஆமா, மெஷின் எப்படி இருக்கு?"

"ஓய்வுல இருக்கு," என்றார் மாப்பிள்ளை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அன்று மாலை கருவிக் கடையில் ஒரே கூட்டம். மாப்பிள்ளை முறை வந்ததும் கடைக்காரர் மூச்சுவிடாமல் ஆரம்பித்தார்.

"என்ன மாதிரி பாக்குறீங்க? நேரா வேணுமா, கழுத்து வளைஞ்சதா? கட்டர் தண்டு ஆறு மில்லியா, மூணா? காத்து முன்னாடி வெளியேறணுமா, பின்னாடியா?"

"மாமனாருக்குத் தெரியாத மாதிரி வேணும்."

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி. நல்லா உழைக்குறதா குடுங்க," என்று மாப்பிள்ளை திருத்திக்கொண்டார்.

"உழைக்குறது மெஷின்ல பாதி, வச்சிருக்கிறவர்கிட்ட பாதி. காத்துல வர்ற தண்ணிய வடிகட்டுறீங்களா?"

"வடிகட்டணுமா?"

"எண்ணெய்?"

"லாரி கியருக்கு ஊத்துறது."

கடைக்காரர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் தலை குனிந்தார்கள்.

"இதை எடுத்துக்கங்க." கனமான வெள்ளி நிற மெஷின் ஒன்றை வைத்தார். "எஃகு உடம்பு, நல்ல பேரிங். மெல்லிசு எண்ணெய் விட்டு, தண்ணி இல்லாத காத்து குடுத்தா மூணு வருஷத்துக்குப் பேச்சே இல்லை."

"மூணுதானா? எங்க மாமனார் மெஷின் இருபத்திரண்டு வருஷம் ஓடுச்சு."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பச்சையா?"

"ஆமா! அதே பச்சைல கிடைக்குமா?"

"பச்சை வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு." இருமிக்கொண்டே, கேட்காமலே ஒரு உப்புத்தாளை மெஷினோடு சேர்த்துப் பொட்டலம் கட்டினார். "பெயிண்ட் பிடிக்கணும்னா முதல்ல இதால லேசா தேய்ச்சுக்கங்க."

"பெயிண்ட் அடிக்கப் போறேன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"தொழில் அனுபவம். அடுத்த ஆளு!"

மறுநாள் காலை பச்சைக்கு எங்கே போவது என்று மாப்பிள்ளை பட்டறையைக் குடைந்தார். அலமாரியில், துடைக்கும் துணி மூட்டைக்குப் பின்னால், அதிர்ஷ்டம் காத்திருந்தது. அச்சு அசல் அதே பச்சையில் அரை டப்பா பெயிண்ட். பக்கத்தில் நன்றாகக் கழுவி, மயிர் கலையாமல் வைத்த பிரஷ். 'மாமனார் எதற்கும் முன்யோசனைக்காரர்தான்' என்று மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது.

அடித்தார். ஆர்வத்தில், காற்று வெளியேறும் பின்பக்கத் துளைகளிலும் சேர்த்து அடித்தார். காய்ந்ததா பார்ப்போம் என்று விசையை அழுத்தினார். மெஷின் ஒரு பெரிய தும்மல் போட்டது. மாப்பிள்ளையின் முகமும், துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த டப்பா மூடி அச்சும் ஒரே நேரத்தில் பச்சையாயின.

தின்னரில் துணியை முக்கி அச்சைத் துடைத்தார். அச்சு வெளுத்தது. அந்தத் துணியாலேயே மெஷினில் வழிந்ததையும் ஒற்றினார். மெஷினும் பாதி வெளுத்தது. மறுபடி அடித்தார். சீக்கிரம் காயட்டும் என்று காற்றுக்குழாயைக் காட்டினார். தரையிலிருந்த தூசி எழும்பி, ஈரப் பெயிண்டில் பரபரவென்று அப்பிக்கொண்டது.

மாப்பிள்ளை அழ வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தூசி அப்பியதில் மெஷினுக்குப் பத்து வயது கூடியிருந்தது. வாழ்க்கையில் அவர் செய்த தப்புகளில் சரியாக வந்த ஒரே தப்பு அதுதான்.

இன்னும் பன்னிரண்டு வயது கூட்ட வேண்டும். மத்தியானம் பெயிண்ட் இறுகியதும் மெஷினின் வாலில் கம்பியைக் கட்டி, பட்டறை முற்றத்தில் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தார்.

லேத்துக்காரர் வெளியே வந்து நின்றார். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார்.

"வாக்கிங்கா மாப்ள?"

"கொஞ்சம் காத்தாட, அண்ணே."

"ஒண்ணுக்குப் போச்சா?"

மாப்பிள்ளை இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினார். லேத்துக்காரர் தெற்குச் சுவரை அளந்துகொண்டு சந்தோஷமாக உள்ளே போனார்.

கடைசியில் மயில். பழைய மெஷினைப் பக்கத்தில் வைத்து, பார்த்துப் பார்த்துக் கீறினார். முதலில் கோழி மாதிரி வந்தது. கழுத்தை நீட்டினார், வாத்தாயிற்று. தோகையை விரித்ததும் மயிலுக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கொண்டையில் ஒரு இறகு போட்டார். இரண்டாவதும் போட்டார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பழைய மெஷினை அள்ளித் தன் சாப்பாட்டுப் பைக்குள் திணிப்பதற்கும் மாமனார் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே டீ பிளாஸ்க்கோடு மாமியார். ஞாயிறு தவறாமல் வந்து பட்டறையைப் பெருக்கிவிட்டுப் போவதைத் தவிர, அவர் இங்கே வாயைத் திறந்து மாப்பிள்ளை பார்த்ததில்லை.

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடேயப்பா! சுவத்துல இவ்வளவு ஒட்டடையா இருந்துச்சு?" பார்வை இறங்கி பெஞ்சுக்கு வந்தது. மெஷினை எடுத்தார். திருப்பினார். முகர்ந்தார்.

"பெயிண்ட் வாசம் வருதே?"

மாப்பிள்ளை சாப்பாட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"வாசல் கேட்டுக்கு அடிக்கச் சொன்னேன்," என்றார் மாமியார், பிளாஸ்க்கைத் திறந்தபடி.

"கேட்டு துரு பிடிச்சபடியேதானே இருக்கு?"

"கண்ணை உருட்டாதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

மாமனார் உருட்டுவதை நிறுத்தினார். மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். அத்தை எதற்காகப் பொய் சொல்கிறார்? ஒருவேளை மாப்பிள்ளை என்ற பாசமோ?

மாமனார் குழாயை மாட்டி விசையை அழுத்தினார். மெஷின் ஒரே சீராக, இனிமையாக, ஊசி நுனி மாதிரி மெல்லிசாகப் பாடியது. மாமனார் கண்ணை மூடிக் கேட்டார். புதுக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கியது.

"லீவு குடுத்தீங்களா மாப்ள?"

"குடுத்தேன் மாமா."

"முழுசா?"

"முழுசா."

"நான்தான் உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன்." இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார். "எதையும் மாத்தாம வச்சுக் காப்பாத்துறவர் கையிலதான் இது இருக்கணும்." பிறகு வாசலுக்கு ஓடினார். "ஏய்யா லேத்து! வந்து கேளுய்யா! இருபத்திரண்டு வருஷத்து மெஷின்யா! இடம் கிடையாது, போய்யா!"

சாவி மாப்பிள்ளையின் கையைச் சுட்டது. அவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோம். உண்மையைச் சொல்லிவிடலாம். சாவி போனால் போகட்டும், கும்பிட்டாவது பழைய நாற்காலியைக் கேட்டுப் பார்க்கலாம். வாசலை நோக்கி ஓரடி வைத்தார்.

மாமியார் குறுக்கே வந்து நின்றார். பிளாஸ்க் கொண்டுவந்த துணிப்பையை அகல விரித்துப் பிடித்திருந்தார்.

"பழசை இதுல போடுங்க."

"எந்தப் பழசு அத்தை?"

மாமியார் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சிலிருந்து கோடு கிழிக்கும் ஊசியை எடுத்தார். மெஷினின் வாலை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரே இழுப்பில் மயிலுக்கு மூன்றாவது இறகைப் போட்டபடி சொன்னார்:

"கொண்டைக்கு மூணு இறகு மாப்ள, இதுக்கு முந்தின ஆறு மெஷின்லயும் நான் மூணுதான் போட்டேன்."