பாலில் மிதந்தும் பட்டினி

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

நான் நலம். அறுவைக்குப் பின் மகள் வீட்டில் ஓய்வெடுக்கிறீர்களே, தங்கள் முழங்கால் மடங்குகிறதா? இங்கே நம் தயிர்ப் பண்ணை நலமில்லை.

வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா போட்டுத் தயிர் தருகிறோம் என்று மருத்துவமனைச் சமையலறைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரித் தயிர் கொடுக்காவிட்டால் ஆர்டரும் போச்சு, அதை நம்பி நீங்கள் கொடுத்த என் வேலையும் போச்சு. அந்த ஜந்துக்களோ பாலில் விட்டால் அப்படியே கிடக்கின்றன. போனில் கேட்டதற்கு, "பால்லயே குளிக்குதுங்க, இன்னும் என்னடா கேடு அதுங்களுக்கு?" என்றீர்கள். கேடு இதுதான்: பாலின் புரதத்தை உடைத்துத் தின்ன அவற்றுக்கு வக்கில்லை. குடலுக்குள் நாம் செரித்துப்போட்டதைத் தின்றே பழகிய செல்லங்கள். சரி, ஊட்டித் தொலைப்போம் என்று, புரதம் ஏற்கெனவே உடைந்திருக்கும் ஈஸ்ட் சாறு கலந்தேன். மளமளவென வளர்ந்தன, தயிர் ஈரத் துணிபோல நாறியது. ருசி பார்த்த வண்டி டிரைவர், "தம்பி, இதைக் குடுத்தா நோயாளி எழுந்து ஓடிடுவாரு, அந்த வகையில குணந்தான்" என்றார். சாற்றைக் குறைத்தேன். நாற்றம் போனது, வளர்ச்சியும் போனது. இந்த லட்சணத்தில் நேற்று சித்தி ஆய்வறைக்குள் வந்து, வீட்டுத் தயிர் கலக்கிய கரண்டியாலேயே என் கடைசிப் பாத்திரத்தை ஒரு கிண்டு கிண்டினார்.

"ஐயோ சித்தி, என்ன பண்றீங்க!"

"ஏன்டா அலர்றே? முந்தானையில தொடச்சிட்டுத்தான் போட்டேன்."

நான் கத்தினேன். அவர், "உன் பூச்சிங்களை நீயே மடியில வெச்சுக் கொஞ்சு" என்று சொல்லிவிட்டு, வீட்டுத் தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வர பஸ் ஏறிவிட்டார். தயவுசெய்து அவரை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். தானாகத் தின்னத் தெரியாததை வைத்துத் தயிர் செய்ய முடியாது. இது என் தீர்மானமான முடிவு.

தங்கைக்கு என் அன்பு. படியேறாதீர்கள்.

பணிவுடன்,
அண்ணன் மகன்

பி.கு.: சித்தி கிண்டிய பாத்திரத்தைக் கொட்டப் போனேன். தயிர் கெட்டியாக நிற்கிறது, வாசனையும் ஜோர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நம் செல்லங்கள் கூட்டம் கூட்டமாக! வீட்டுத் தயிரின் பாக்டீரியா புரதத்தை உடைத்துப்போட, இவை பக்கத்தில் உட்கார்ந்து மொக்கியிருக்கின்றன. மாதிரிக்கு இது போதும், ஆர்டருக்குப் போதாது; அதற்கு உறை ஊற்ற சித்தியின் சட்டித் தயிர்தான் வேண்டும். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கடிதம் கொண்டுவரும் டிரைவரோடு சித்தியைக் கையோடு அனுப்புங்கள். மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன். சட்டியில் மிச்சமிருக்கும் தயிரை மட்டும், சித்தப்பா, நீங்கள் தொடாதீர்கள்.